துரைமார் தங்கிய மாடியில் ஓர் இரவு

கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் உள்ள கொலிசியம் உணவகத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பக்கத்துத் திரையரங்கில் தமிழ்ப்படம் பார்க்கப் போனவர்களுக்கு அது பழகிய கட்டடம். அந்தச் சாலை பத்து ரோடாக இருந்த காலத்தில், 1921இல் தொடங்கப்பட்டது. ரப்பர் தோட்டத் துரைமாரும் ஈயச் சுரங்க முதலாளிகளும் கூடிய இடம். கீழே ஹைனானியர் சமையல். மாடியில் தங்கும் அறைகள்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த மாடியில் ஓர் இரவு தங்கினேன். கட்டில், மேசை, மின்விசிறி. அறையில் இருந்தது அவ்வளவுதான். குளியலறை எல்லாருக்கும் பொது.

காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தபோது தாத்தாவின் நினைவு வந்தது. தோட்டத்து லயத்தில், பொதுக் குழாயடியில் வரிசையில் நின்று குளித்தவர் அவர். துரைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை என்பார். அப்படிப்பட்ட துரைமார் பட்டணம் வந்தால் இறங்கிய விடுதியில் அவர் பேரன் காசு கொடுத்து அறை எடுத்திருக்கிறேன். அங்கேயும் குளிக்க வரிசைதான்! தாத்தா கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

இதுபோன்ற பழைய விடுதிகளில் தங்க விரும்பும் இளையோருக்குச் சில வார்த்தைகள். சாலை இரைச்சல் கேட்காத பின்பக்க அறையாகக் கேளுங்கள். துண்டு, சோப்பு, ரப்பர் செருப்பு கையோடு இருக்கட்டும். விடிவதற்குள் குளித்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் வீட்டில் இருந்து, படியேறவும் முடிந்தால், அவரையும் அழைத்துப் போங்கள். அவர் சொல்லும் கதை எந்தப் பெயர்ப்பலகையிலும் எழுதியிருக்காது.