டப்பாவின் மேல் ஒரு சிரிப்பு

காலை ஆகாரத்துக்கு வாங்கும் மாவு டப்பாவின் உள்ளே இருப்பதை நாக்கு அறியும். மேலே அச்சிட்ட சித்திரத்தையோ நாம் ஊன்றிப் பார்ப்பதில்லை. எனினும் அது தினந்தோறும் மேஜையில் அமர்ந்து, யாரும் கேளாமலே நம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூட்டையிலிருந்து அளந்து கொடுத்த தானியத்துக்கு முகம் தேவைப்படவில்லை. பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியதும் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1877-ஆம் வருஷம் 'க்வேக்கர்' மதப் பிரிவைச் சேர்ந்த ஒருவரின் உருவத்தை ஓட்ஸ் தானியத்துக்கு வியாபாரக் குறியாகப் பதிவு செய்தார்கள். நாணயமானவர் என்று ஜனங்கள் நம்பக்கூடிய முகம் அது.

பிரான்ஸ் தேசத்தில் 1914-இல் 'பனானியா' என்ற பொடி விற்பனைக்கு வந்தது. வாழைப்பழ மாவு, கோக்கோ, தானிய மாவு, சர்க்கரை ஆகியவற்றின் கலவை. பாலில் கலந்து காலையில் அருந்துவார்கள். மறு வருஷமே அதன் விளம்பரத்தில் சிவப்புக் குல்லாய் அணிந்த ஓர் ஆப்பிரிக்கச் சிப்பாய் தோன்றினான். உணவுக் கிண்ணமும் கையுமாக, வாய் நிறையச் சிரித்தான். 'நல்லாயிருக்கு' என்று பிழையான பிரெஞ்சில் அவனைச் சொல்ல வைத்தார்கள். அதே சமயம் யுத்தகளத்தில் மெய்யான ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் பிரான்ஸுக்காக உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் மகாயுத்தத்தில் அப்படி மாண்டவர்கள் சுமார் 30,000 பேர்.

இது புதுச்சேரிக்குத் தொலைவான கதையன்று. இவ்வூரில் நெய்து நீலச் சாயம் தோய்த்த துணி, முன்னாளில் செனகல் நதிக்கரையில் பணத்துக்கு ஈடாகப் புழங்கியது. பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் வீரர்கள் அதே யுத்தத்துக்குச் சென்றார்கள். மாண்டவர்களுக்காக 1938-இல் திறந்த நினைவுச் சின்னம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 14-ஆம் தேதி மரியாதை செலுத்துகிறார்கள். அங்கே தியாகம் கல்லில் நிற்கிறது. டப்பாவின் மேல் அதே தியாகம் வேடிக்கையாய்ச் சிரித்தது.

அச்சிரிப்பை எதிர்த்தவர் செனகல் கவிஞர் செங்கோர். அவரும் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து 1940-இல் ஜெர்மானியரிடம் கைதியானவர். 1948-இல் வெளியான கவிதைத் தொகுதியில் பனானியாச் சிரிப்பைச் சினந்து பாடினார். 1960-இல் செனகலின் முதல் ஜனாதிபதியானார். 1974-இல் சென்னைக்கு வந்து ஆப்பிரிக்க, திராவிடப் பண்பாடுகளின் உறவைக் குறித்து உரையாற்றினார்.

டப்பாவும் மெல்ல மாறியது. முழு உருவம் போய் முகமும் குல்லாயும் எஞ்சின, கோடுகள் குறைந்தன. ஆனால் அந்தப் பழைய வாசகத்தைக் கைவிடச் செய்ய 2011-இல் ஒரு பிரெஞ்சு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் 1889 முதல் அப்ப மாவு விற்ற 'ஆன்ட் ஜெமைமா' என்ற கறுப்புச் சமையற்காரியின் உருவத்தை, பெரும் கண்டனத்துக்குப் பின்பே நீக்கினார்கள். வர்ணமும் எழுத்தும் வியாபாரியின் விருப்பத்தால் மாறும். பிறரை இழிவாய்க் காட்டும் சித்திரம் மாறுவதற்கோ, சித்திரத்தில் உள்ளவர்கள் வாய் திறக்கவேண்டும்.

நம் வியாபாரிகளும் சத்து மாவுக்கும் ரவைக்கும் உழவனையும் பாட்டியையும் வரைகிறார்கள். நாளைக் காலையில் டப்பாவைத் திறக்குமுன் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள்: இவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்? இவரே இச்சித்திரத்தைக் கண்டால் மகிழ்வாரா?