குண்டு வார்ப்பச்சு

குண்டு வார்ப்பச்சு என்பது துப்பாக்கிக் குண்டுகளைக் காரீயத்தில் வார்ப்பதற்குப் பயன்படும் கைக்கருவி ஆகும். உருகிய காரீயத்தை இதன் உட்குழிவில் ஊற்றி, அது இறுகிய பின்னர் அச்சைத் திறந்து குண்டு எடுக்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் இலக்குச் சுடுதலிலும் வேட்டையிலும் ஈடுபடுவோரில் ஒரு பகுதியினர் தமக்கு வேண்டிய குண்டுகளை இன்றும் வீட்டிலேயே வார்க்கின்றனர். குண்டின் அளவும் வடிவமும் அச்சின் நிலையைப் பொறுத்தவை. எனவே அச்சைப் பதப்படுத்துதலும் பேணுதலும் இத்தொழிலில் முதன்மை பெறுகின்றன.

வரலாறு

தொடக்ககாலத் துப்பாக்கிகளின் குழல் விட்டம் ஒரே சீராக இருக்கவில்லை. ஆகவே துப்பாக்கியுடன் அதன் குழலுக்குப் பொருந்தும் அச்சையும் சேர்த்து வழங்குவது வழக்கமாக இருந்தது. மாக்கல், பித்தளை, இரும்பு ஆகியவற்றால் அச்சுகள் செய்யப்பட்டன.

வீட்டில் குண்டு வார்த்தமைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்க விடுதலைப் போரில் உள்ளது. 1776 சூலை 9 அன்று நியூயார்க் நகரில் நின்ற மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் காரீயச் சிலை மக்களால் வீழ்த்தப்பட்டது. அதன் துண்டுகளில் பல கனெடிகட்டிலுள்ள லிச்பீல்டு என்னும் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு பெண்களும் சிறுவரும் அவற்றை உருக்கி 42,088 குண்டுகளை வார்த்ததாகக் கணக்குக் குறிப்பு கூறுகின்றது.

1849ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த குளோட் எத்தியேன் மினியே உருவாக்கிய கூம்பு வடிவக் குண்டின் அடிப்பகுதி குழிவானது. இதனை வார்க்க, குழிவை உண்டாக்கும் முளையொன்று அச்சில் சேர்க்கப்பட்டது.

அமைப்பு

அச்சின் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

* இரு பாளங்கள் - ஒவ்வொன்றிலும் குண்டின் பாதி வடிவம் குடையப்பட்டிருக்கும்.
* பொருத்து முளைகள் - பாளங்கள் பிசகாமல் இணைய உதவுபவை.
* காற்றுக் கோடுகள் - குழிவிலுள்ள காற்று வெளியேறுவதற்கான மெல்லிய கீறல்கள்.
* வெட்டுத் தகடு - மேற்புறம் சுழலும் துளையுள்ள தகடு. இதன் வழியே உலோகம் ஊற்றப்படும். இறுகியபின் எஞ்சிய உலோகத்தை இதுவே வெட்டி நீக்கும்.
* கைப்பிடிகள் - பெரும்பாலும் மரத்தாலானவை.

இரும்பு அச்சு நெடுநாள் உழைக்கும்; ஆனால் துருப்பிடிக்கும். பித்தளை அச்சு துருப்பிடிக்காது, எடை மிகுந்தது. அலுமினிய அச்சு இலேசானது, விரைவில் சூடேறும். ஆனால் மென்மையானதால் எளிதில் கீறல் விழும்.

பதப்படுத்துதல்

புதிய அச்சில் துருவைத் தடுக்கும் எண்ணெய் பூசப்பட்டிருக்கும். இதனைச் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு முற்றிலும் நீக்கி, நன்கு உலர்த்த வேண்டும். எண்ணெய் எஞ்சினால் குண்டின் மேற்பரப்பு சுருக்கம் விழும். ஈரம் எஞ்சினால் ஆபத்து பெரிது. உருகிய காரீயத்தினுள் சிக்கும் நீர் நொடியில் ஆவியாகி விரிவதால் உலோகம் வெடித்துச் சிதறும்.

காரீயம் 327.5 பாகை செல்சியசில் உருகும். வார்ப்போர் அதனுடன் வெள்ளீயமும் அந்திமனியும் கலப்பதுண்டு. வெள்ளீயம், உலோகம் குழிவின் மூலைகளை நிரப்ப உதவுகின்றது. அந்திமனி கடினத்தைக் கூட்டுகின்றது. வார்க்கத் தொடங்குமுன் அச்சையும் சூடாக்க வேண்டும். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டு சுருக்கங்களுடனும், மிகையாகச் சூடேறினால் பனி படர்ந்தாற்போன்ற மங்கிய நிறத்துடனும் வெளிவரும்.

பேணுதல்

பாளங்களின் முகத்தில் ஒட்டும் காரீயத் துகள், அச்சு முழுமையாக மூடுவதைத் தடுக்கும். அதனால் குண்டின் பக்கங்களில் மெல்லிய விளிம்பு தோன்றும். இத்துகளை அச்சு சூடாக இருக்கும்போதே மரக்குச்சியால் நீக்கலாம். எஃகுக் கத்தியோ கம்பித் தூரிகையோ பயன்படுத்தினால் குழிவின் விளிம்பு சிதையும். வெட்டுத் தகட்டின் சுழலச்சிலும் முளைகளிலும் மிகச் சிறிதளவு எண்ணெய் இடப்படும். அது குழிவினுள் பரவலாகாது. குண்டு வெளிவரத் தயங்கினால் கைப்பிடியின் இணைப்பை மரச்சுத்தியால் தட்ட வேண்டும்; பாளங்களைத் தட்டுதல் கூடாது. சூடான அச்சை நீரில் அமிழ்த்தினால் அது வளையக்கூடும். இரும்பு அச்சு ஆறியபின் எண்ணெய் பூசி உலர்ந்த இடத்தில் வைக்கப்படும்.

நச்சுத்தன்மை

காரீயம் நச்சு உலோகம். தீங்கற்றது என அறியப்பட்ட காரீய அளவு எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை இது பாதிக்கும். உருக்கும் கலத்தின் மேல் மிதக்கும் கசடு நுண்தூளாகிக் கை, உடை, தரை வழியே வீட்டினுள் பரவுவதே வீட்டு வார்ப்பின் முதன்மையான இடராகும். எனவே சமையலறையிலும் சமையற் கலங்களிலும் காரீயத்தை உருக்கலாகாது. காற்றோட்டமுள்ள தனியிடம், தனி உடை, பணி முடிந்ததும் சவர்க்காரத்தால் கை கழுவுதல், அவ்விடத்தில் உண்ணாமை ஆகியன இன்றியமையாதவை.

காரீயக் குண்டு பறவைகளையும் நஞ்சூட்டுகின்றது. வேட்டையில் காரீயக் குண்டுகளைப் பயன்படுத்துவதற்குக் கலிபோர்னியா மாநிலம் விதித்த தடை 2019 சூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.