உங்களுக்குத் தெரியுமா? ஹீரோவைச் சுமந்த குதிரைகள்

இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய், 1975-இல் தன் சொந்த மாடலாக முதன்முதலில் தயாரித்த காரின் பெயர் ‘போனி’. அதாவது, மட்டக் குதிரை! சினிமாவிலும் குதிரையின் இடத்தை வண்டிதான் பிடித்தது. இப்போது ஹீரோ என்ட்ரிக்கு ஒரகடத்து ராயல் என்ஃபீல்டே போதும். ஒரு காலத்தில் குதிரை வேண்டியிருந்தது. அதுவும் ரசிகர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் குதிரை.

மௌனப்பட கௌபாய் டாம் மிக்ஸின் குதிரை டோனி. அதன் பெயரிலேயே 1922-இல் ‘ஜஸ்ட் டோனி’ என்று படம் வந்தது. 1927-இல் ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டர் வாசலில் நட்சத்திரங்கள் கை, கால் பதிக்கும் சிமென்டில் டோனியின் குளம்பையும் பதித்தார்கள். கூட நடித்த எத்தனை பேருக்கு அந்த யோகம் வாய்த்திருக்கும்? டாம் மிக்ஸ் 1940-இல் கார் விபத்தில் இறந்தார். டோனி 1942 வரை இருந்தது.

இன்னொரு கௌபாய் நடிகர் ராய் ரோஜர்ஸின் குதிரை ‘ட்ரிக்கர்’ அவரிடம் வருவதற்கு முன்பே நடிகன்தான். 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்தில் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் அமர்ந்து வரும் குதிரை அதுவே. அப்போது அதன் பெயர் கோல்டன் கிளவுட். 1965-இல் செத்ததும் தோலைப் பாடம் செய்து, முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கோலத்தில் வைத்தார்கள். 2010-இல் நியூயார்க் ஏலத்தில் அது போன விலை 2,66,500 டாலர்! நம்மூரில் இந்த மரியாதை கிடைத்தது குதிரைக்கல்ல, சிங்கத்துக்கு. எம்.ஜி.ஆர். வளர்த்த ‘ராஜா’ பாடம் செய்யப்பட்டு தி.நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது.

இந்திப் படம் ‘ஹன்டர்வாலி’யின் (1935) நாயகி நாடியா சவாரி செய்த குதிரைக்கு ‘பஞ்சாப் கா பேட்டா’ என்று பெயர். பஞ்சாபின் பிள்ளை! நாடியா பிறந்ததோ ஆஸ்திரேலியாவின் பெர்த்தில்.

தமிழுக்கு கௌபாய் தொப்பியைக் கொண்டுவந்ததில் ஒளிப்பதிவாளர் கர்ணனுக்குப் பெரிய பங்குண்டு. ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ இரண்டும் 1972-இல் அவர் இயக்கியவை, இரண்டிலும் ஜெய்சங்கர். 1978-இல் தேவர் பிலிம்ஸின் ‘தாய் மீது சத்தியம்’ படத்தில் ரஜினியும் அந்தத் தொப்பியை மாட்டினார். ஆனால் ரசிகர்கள் குதிரையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இங்கே பெரிதாக வரவில்லை. சினிமா கோட்டைவிட்ட இடம் இது என்பேன். ஏனென்றால் நம் கதைப்பாடல் அப்படி விடவில்லை: செஞ்சி தேசிங்கு ராஜனுக்குப் பாராசாரி, அவன் தோழன் மோவுத்துக்காரனுக்கு நீலவேணி. 1714-இல் ஆற்காட்டு நவாபுடன் மோதி மாண்ட தேசிங்கின் கதையில் குதிரையும் ஒரு பாத்திரம். 1960-இல் எம்.ஜி.ஆர். நடிக்க அந்தக் கதை ‘ராஜா தேசிங்கு’ படம் ஆனது.

சிம்புதேவன் 2010-இல் ராகவா லாரன்ஸை வைத்து முழுநீள கௌபாய் காமெடி எடுத்தார். அதில் ஓர் ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம். பழைய நாயகனுக்கு ஒரு சலாம். குதிரைக்கு? படத்தின் பெயர் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’.