காத்து நிற்கிற பாட்டு

"மேடையில் பாடியே நடிக்கிற ஆபெராவை வீடியோ கேமாக்க முடியுமா?" என்று வீரபாண்டி பிரிவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடியும். வாக்னரின் 'ரிங்' நான்கு நாடகங்கள், மொத்தம் 15 மணி நேரத்துப் பாட்டு. 1998-இல் ஆர்க்செல் ட்ரைப் நிறுவனம் அதைக் கணினி விளையாட்டாக்கியது. இசைக்கு ஜார்ஜ் ஷோல்டி நடத்திய பழைய பதிவையே எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கல் நேரத்தில்தான். மேடையில் அது இசை நடத்துநர் கையில். விளையாட்டில் ஆடுகிறவர் கையில். கதவைத் திறக்காமல் அவர் டீ குடிக்கப் போய்விட்டால் பாட்டு என்ன செய்யும்? 1991-இல் 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டுக்காக லூக்காஸ்ஆர்ட்ஸ் செய்த 'ஐம்யூஸ்' இதற்கு ஒரு வழி காட்டியது: அதே இசை சுற்றிக்கொண்டே இருக்கும், ஆள் நகர்ந்ததும், தாளம் சேருகிற இடம் பார்த்து அடுத்த துண்டுக்குத் தாவும். நிட்டிங் மெஷினில் ஆட்டோ ஸ்ட்ரைப்பர் நூல் மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மெஷின் நிற்காது, துணியும் அறாது, நிறம் மட்டும் மாறும்.

எனக்குப் பிடித்தது 1994-இல் ஜப்பானில் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 6'. அதில் ஒரு ஆபெராக் காட்சி உண்டு. விளையாட்டுக்காகவே நொபுவோ உவேமட்சு இசையமைத்தது. ஒலிக்கென்று அந்த விளையாட்டுக் கருவியில் இருந்த நினைவகம் வெறும் 64 கிலோபைட். அதில் மனிதக் குரல் பாட வழியில்லை. குரல் போல ஒரு வாத்திய ஒலி இழுக்கும், வரிகள் திரையில் ஓடும். அடுத்த வரி எது என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒத்திகையில் சரியாகப் படிக்காமல் மேடையேறினால் மானம் போகும், மறுபடி முதலிலிருந்து. குரலே இல்லாத பாட்டுக்கு வரி மறந்து வியர்த்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்! பிற்பாடு வந்த மறுபதிப்பில் நிஜக் குரல்களே பாடின. எனக்கென்னவோ பழையதுதான் உசத்தி.

இதையெல்லாம் நம் பையன்களிடம் சொன்னால், ஷிஃப்ட் இடைவேளையில் போனில் சுட்டுக்கொண்டே "ம்" என்கிறார்கள். ஆனால் ஆளுக்காகக் காத்து நிற்கிற பாட்டு நம்மிடமும் உண்டு. கொங்குச் சீமையில் அண்ணன்மார் கதை இரவிரவாக உடுக்கையடித்துப் பாடப்படுவது. 1965-இலேயே கனடா ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கம் வந்து அதை ஒலிநாடாவில் பிடித்தார். பின்னாளில் 26 பகுதி கார்ட்டூன் தொடராகவும் ஆக்கினார். வெளியூர்க்காரருக்கு இருந்த அக்கறை நமக்கு இல்லை. அந்தக் கதையில் வீரர்கள் மடிகிற படுகளக் கட்டத்தில், அருள் வந்து விழுந்து கிடப்பவர்கள் எழும் வரை உடுக்கைக்காரர் இழுத்தும் அடிப்பார், முடுக்கியும் அடிப்பார். ஆள் எழட்டும் என்று பாட்டைக் காக்க வைக்கும் அந்த வித்தையை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டால், கேம் செய்ய நினைக்கிற பையனுக்குப் பாதி வேலை முடிந்தது.