100 மூட்டை அன்னமும் பொன்னேரியும்

ஐப்பசி முழுநிலா நாளில் கங்கைகொண்ட சோழபுரம் சென்றால் வியப்பான காட்சி ஒன்றைக் காணலாம். சுமார் 13 அடி உயரமுள்ள சிவலிங்கம், கருங்கல்லே தெரியாதபடி வெண்சோற்றால் மூடப்பட்டிருக்கும். இந்த அன்னாபிஷேகத்துக்கு 100 மூட்டை அரிசி வடிக்கப்படுவதாகச் சொல்வார்கள். பின்னர் அச்சோறு கூடியிருப்போருக்கு வழங்கப்படும்.

நாம் சற்று வேறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமுமாகச் சராசரி 2,500 லிட்டர் நீர் தேவை என்பர் வேளாண் அறிஞர். மூட்டைக்கு 25 கிலோ என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 100 மூட்டை அரிசிக்குச் சுமார் 3,750 கிலோ நெல் வேண்டும். அதற்கான நீர் 90 லட்சம் லிட்டருக்கும் மேல்! ஒரு நாள் அன்னத்துக்கே இவ்வளவு என்றால், ஒரு தலைநகருக்குச் சோறு போட எவ்வளவு நீர் வேண்டும்?

ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே உள்ள இவ்வூரை 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திர சோழன் தலைநகராக்கினான். இப்பகுதி தஞ்சையைப் போன்ற வண்டல் பூமியன்று. பெரும்பாலும் செம்மண் மேடு. தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது, ஆனால் பள்ளத்தில் ஓடுகிறது. எந்திரம் இல்லாத அக்காலத்தில் நீரை மேட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

வழி ஒன்றுதான். ஆற்றின் மேற்பகுதியில், ஏரி அமையப்போகும் இடத்தைவிட உயரமான ஓரிடத்தில் வாய்க்காலைத் தொடங்க வேண்டும். ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் அதை வெட்டி வர வேண்டும். ஆறு கீழே இறங்க இறங்க, வாய்க்கால் மேட்டிலேயே நின்றுவிடும். இதற்கு நீண்ட தொலைவு தேவை. கொள்ளிடத்திலிருந்து வந்த வாய்க்காலின் நீளம் சுமார் 60 மைல் என்கிறது 1855-இல் வெளியான ஓர் ஆங்கில நூல். வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் ஒரு வாய்க்கால் வந்ததாம். இரண்டும் நிரப்பிய ஏரிதான் சோழகங்கம். அதன் கரை தென்வடலாக 16 மைல்! போரில் வென்ற மன்னர் கல்தூண் நாட்டுவது வழக்கம்; திருவாலங்காட்டுச் செப்பேடோ இந்த ஏரியையே நீராலான வெற்றித்தூண் என்கிறது.

பின்னாளில் கரை உடைந்தது, வாய்க்கால்கள் தூர்ந்தன. இன்று பொன்னேரி என்று வழங்கும் அது பெரும்பாலும் மழையையே நம்பியிருக்கிறது.

கோயிலும் தப்பவில்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துக் கற்களைக் கொண்டுபோனார்கள். சிற்பங்களும் போயின. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னதும் நடக்கவில்லை என்று அதே நூல் குறைப்படுகிறது. கீழணை நீரோ இன்றும் வீராணம் ஏரிக்கும் கடலூர் மாவட்ட நெல் வயல்களுக்கும் பாய்ந்துகொண்டிருக்கிறது.