மண் முதல் மனிதன் வரை – 9: பசும்புல் தின்ற மாடு ஏன் விழுந்தது?

நெதர்லாந்தின் மாட்டுப் பண்ணைகளில் வசந்தம் பிறந்தால் ஒரு பயமும் கூடவே வரும். குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் கட்டிக் கிடந்த கறவை மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடுவார்கள். உரம் தின்று கொழுத்த இளம்புல் வயலெங்கும் நிற்கும். சில நாட்களில், நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மாடு திடீரென்று தள்ளாடும், தசைகள் துடிக்கும், வலிப்பு கண்டு விழும். சில மணி நேரத்தில் செத்தும் போகும்.

விழுந்த மாடுகளின் ரத்தத்தை ஆராய்ந்த டச்சு விஞ்ஞானி ஷொல்லெமா, 1930 வாக்கில் காரணத்தைக் கண்டார். ரத்தத்தில் மெக்னீசியம் மிகவும் குறைந்திருந்தது. புல்லில் ஏன் மெக்னீசியம் போதவில்லை? அந்தக் கேள்விக்கு 1957இல் வேறு இரு டச்சு ஆய்வாளர்கள் பதில் தேடினார்கள். புல்லில் உள்ள பொட்டாசியம், கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த அளவைப் போல 2.2 மடங்கைத் (வேதிச் சமானக் கணக்கில்) தாண்டினால் நோய் பெருகுகிறது என்று கண்டார்கள். பொட்டாஷ் உரத்தை அள்ளிப் போட்ட நிலங்களில்தான் ஆபத்து அதிகம்.

சென்ற வாரம் சாம்பல் சத்தான பொட்டாசியத்தைப் பார்த்தோம். மெக்னீசியம் அதன் பங்காளி. இரண்டும் ஒரே வேர் வழியாக உள்ளே நுழையப் பார்க்கும். பொட்டாசியம் மிகுந்தால் மெக்னீசியம் வெளியே நிற்க வேண்டியதுதான். மாட்டின் இரைப்பையிலும் இதே சண்டை நடக்கிறது. ஆகவே அந்த மாடு இரண்டு முறை ஏமாந்தது: புல்லுக்குள் மெக்னீசியம் குறைவாக ஏறியது, ஏறியதும் ரத்தத்தில் சேரவில்லை.

பச்சையத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. பச்சையத்தை ஆராய்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்கு 1915இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இலையில் உள்ள மெக்னீசியத்தின் பெரும்பகுதி பச்சையத்துக்கு வெளியேதான் வேலை செய்கிறது. புரதம் கட்டுவதற்கு அது வேண்டும். இலையில் தயாரான சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் ஏற்றி அனுப்பவும் அது வேண்டும். மெக்னீசியம் குறைந்தால் சர்க்கரை இலையிலேயே தேங்கிவிடும். வேர் பட்டினி கிடக்கும். இலை மஞ்சளாவது இதற்குப் பிறகுதான். நாம் கண்ணால் பார்க்கும்போது வேர் ஏற்கெனவே மெலிந்திருக்கும்.

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பற்றாக்குறை வந்ததும் செடி தன் முதிர்ந்த இலைகளிலிருந்து மெக்னீசியத்தை உருவிக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் அடியிலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறும். இரும்புச் சத்துக் குறைவில் இளந்துளிர்தான் முதலில் வெளிறும். பருத்தியில் அடியிலை சிவக்கவும், தென்னையில் அடிமட்டைகள் மஞ்சளாகவும் மெக்னீசியக் குறைவு ஒரு காரணம். கேரளத்தில் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக் கிலோ மெக்னீசியம் சல்பேட் இடச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் பேதி உப்பு என்று அறியப்பட்ட அதே உப்புதான். அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே மெக்னீசியம் இருக்கிறது. மழை அதிகமான மணற்பாங்கான நிலத்திலும் அமில நிலத்திலும் இந்தச் சத்து எளிதில் அடித்துச் செல்லப்படும். அமில நிலமாக இருந்தால் டோலமைட் சுண்ணாம்பு இரட்டைப் பலன் தரும்: புளிப்பையும் குறைக்கும், மெக்னீசியத்தையும் கொடுக்கும்.

மனித உடம்புக்கு வருவோம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஒரு சதவீதம்கூட இல்லை. செடி அடியிலையை உருவுவது போலவே, உடம்பும் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். எனவே பரிசோதனையில் அளவு சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் குறையே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. செல்லின் எரிபொருளான ஏடிபி, மெக்னீசியத்தோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. 300க்கும் மேற்பட்ட நொதிகளுக்கு அது தேவை.

அமெரிக்கப் பரிந்துரைப்படி வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 420 மில்லிகிராமும், பெண்ணுக்கு 310 முதல் 320 மில்லிகிராமும் வேண்டும். மெக்னீசியம் தானியத்தின் தவிட்டிலும் முளையிலும்தான் குவிந்திருக்கிறது. நூறு கிராம் தீட்டாத அரிசியில் சுமார் 140 மில்லிகிராம். வெள்ளை வெளேரென்று தீட்டியதில் 25 முதல் 35 வரைதான். முழுக் கோதுமையிலும் கேழ்வரகிலும் 140ஐ ஒட்டி இருக்கிறது; மைதாவில் 20 சொச்சம். தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு மாத்திரை தேடி மருந்துக்கடைக்குப் போகிறோம். குடிநீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டும்போது அதிலிருக்கும் மெக்னீசியமும் பெரும்பாலும் போய்விடுகிறது.

மருத்துவத்தில் அதே பேதி உப்பு உயிர்காக்கும் மருந்து. கர்ப்பகால ரத்தக் கொதிப்பு முற்றி வலிப்பு வரும் அபாயம் இருக்கும்போது மெக்னீசியம் சல்பேட்டை ஊசியில் ஏற்றுகிறார்கள். 33 நாடுகளில் பத்தாயிரம் கர்ப்பிணிகளிடம் நடந்த மாக்பை ஆய்வு 2002இல் வெளியானது. அந்த ஊசி, வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கி உயிருக்கே உலை வைக்கும். நெஞ்செரிச்சலுக்கான ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை நெடுநாள் விழுங்கினால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்தது. இரண்டு தரப்பினருமே மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

மெக்னீசியக் குறைவுக்குப் பல நேரம் நம் கைதான் காரணம்: வயலில் பொட்டாஷை அதிகம் போடுகிறோம், ஆலையில் தவிட்டை நீக்குகிறோம். அடியிலை வெளிறியதும் உப்பை வாங்கிக் கொட்டாதீர்கள். முதலில் மண்ணைப் பரிசோதித்து, பொட்டாஷ் கணக்கைச் சரிபாருங்கள். வீட்டில் கேழ்வரகு, தீட்டாத அரிசி, உளுந்து, எள், நிலக்கடலை, கீரை இருக்கட்டும். ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவருக்கு உணவின் வழியே வரும் மெக்னீசியம் மிகுந்து கெடுதல் வருவதில்லை.

அடுத்த வாரம்: துத்தநாகம்.

(தொடரும்)