பதினாறு வயதில் ஒரு காற்பந்தாட்டக்காரரை எடைபோடுவது

பதினாறு வயதில் நன்றாக ஆடும் ஒருவர் இருபத்திரண்டு வயதிலும் நன்றாக ஆடுவாரா என்பதே காற்பந்துத் தேர்வாளர்கள் முன் எப்போதும் நிற்கும் கேள்வி. அதற்கிடையில் அவருடைய உயரம் மாறும், உடல் மாறும், எதிரே நிற்பவர்கள் மாறுவார்கள், ஆட்டத்தின் வேகமும் மாறும். அப்படியிருந்தும் முடிவை இன்றே எடுத்தாக வேண்டும். ஓர் அணியில் 25 இடங்கள் இருக்கலாம். தேர்வுக்கு வந்து நிற்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள்.

இந்தக் கணிப்பு எவ்வளவு கடினமானது என்பதற்கு மலேசியாவின் ஷா ஆலம் நகரமே சாட்சி. 1997 ஜூன், ஜூலை மாதங்களில் உலக இளையோர் காற்பந்துப் போட்டி மலேசியாவில் நடந்தது. 20 வயதுக்குட்பட்ட ஆட்டக்காரர்களுக்கான அந்தப் போட்டியில் 24 நாடுகள் ஆடின. ஜூலை 5ஆம் தேதி ஷா ஆலம் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா 2-1 என்று உருகுவேயை வென்றது. போட்டி முடிந்ததும் வழக்கம்போல் விருதுகள் வழங்கப்பட்டன. சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து உருகுவேயின் நிக்கோலாஸ் ஒலிவேராவுக்கும், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி பிரேசிலின் அடைல்டனுக்கும் கிடைத்தன.

அந்தப் போட்டியில் ஆடிய வேறு சிலரின் பெயர்கள்: பிரான்சின் தியேரி ஹென்றி, டேவிட் திரெசெகே, இங்கிலாந்தின் மைக்கல் ஓவன், அர்ஜென்டினாவின் ரிக்கெல்மே, ஐமார், கம்பியாசோ, வால்ட்டர் சாமுவேல். ஹென்றியும் திரெசெகேயும் அடுத்த ஆண்டே உலகக் கிண்ணம் வென்ற பிரெஞ்சு அணியில் இருந்தார்கள். ஓவன் 2001இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருதான பாலன் டோர் பெற்றார். கம்பியாசோவும் சாமுவேலும் 2010இல் இன்டர் மிலான் அணியுடன் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றார்கள். ஒலிவேரா ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் மதிக்கத்தக்க கிளப்புகளில் ஆடினார், நாட்டுக்காகவும் ஆடினார். அடைல்டன் இத்தாலியில் நீண்ட காலம் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தார். இருவரும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் மூன்று வாரம் கண் முன்னே பார்த்துத் தந்த விருதுகள், அடுத்த பதினைந்து ஆண்டுகளின் வரிசையைக் காட்டவில்லை.

அடைல்டனின் எண்ணிக்கையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும். அவர் அடித்தவை 10 கோல்கள். அவற்றில் 6 ஒரே ஆட்டத்தில், தென்கொரியாவுக்கு எதிராக வந்தவை. அந்த ஆட்டம் 10-3 என முடிந்தது. மற்ற ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து 4 கோல்கள். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவர் போட்டியின் தலைசிறந்த தாக்குதல் ஆட்டக்காரர். ஆட்டம் ஆட்டமாகப் பார்ப்பவருக்கு, நிலைகுலைந்த ஓர் அணியிடம் ஒரே நாளில் அறுவடை செய்த திறமைசாலி. தேர்வாளர்கள் முதலில் பழக வேண்டியது இதுதான்: எத்தனை கோல் என்பதோடு, யாரிடம் அடித்தார், ஆட்டம் எந்த நிலையில் இருந்தபோது அடித்தார் என்றும் கேட்பது. மாவட்டப் போட்டியில் 8-0 என்று வெல்லும் பள்ளியின் கோல் மன்னனைவிட, 1-1 என்று இழுபறியாகும் ஆட்டத்தில் ஒரு கோல் அடித்த பையனைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இருக்கலாம்.

ஷா ஆலம் இறுதியாட்டத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. முதலில் கோல் வாங்கிய அர்ஜென்டினாவைச் சமநிலைக்குக் கொண்டுவந்தவர் எஸ்தபான் கம்பியாசோ. 1980 ஆகஸ்டில் பிறந்த அவருக்கு அன்று வயது 16. தன்னைவிட மூன்று வயதுவரை மூத்தவர்களோடு ஆடினார். உடல்பலத்தில் அவர் முந்தியிருக்க வழியில்லை. பந்து எங்கே வரும், தான் எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவில் முந்தியிருந்தார். பயிற்றுநர் ஹொசே பெக்கர்மன் அந்த வயதுக்காரரை அணியில் வைத்திருந்ததே ஒரு கணிப்புதான், அது பலித்தது.

உடலைப் பொறுத்தவரை தேர்வாளர்களை உலகெங்கும் ஏமாற்றுவது பிறந்த மாதம். வயதுப் பிரிவு பெரும்பாலும் ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்த 12 வயதுச் சிறுவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள்; இருவருக்கும் இடையில் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி. அந்த வயதில் ஓராண்டு என்பது ஒருவன் வாழ்ந்த வாழ்வில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான், மோதலில் விழமாட்டான். தேர்வாளரின் கண் அவன்மேல் விழும். தேர்வானவனுக்கு நல்ல திடல், நல்ல பயிற்றுநர், வலுவான எதிரணிகள் எல்லாம் கிடைக்கும்; ஈராண்டில் அவன் உண்மையாகவே மேலானவன் ஆகிவிடுவான். தேர்வாளர் தன் கணிப்பு சரி என்று நினைப்பார். பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகுந்தும், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குறைந்தும் இருப்பதை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். கொடிய அநியாயம் இது; ஏனென்றால் வெளியே நின்ற பையனுக்குத் தான் ஏன் வெளியே நிற்கிறோம் என்பதே தெரியாது.

பருவமடையும் காலமும் இதே போன்றது. 13 வயதில் மீசை அரும்பியவனையும் 16 வயதுவரை சிறுவனாகவே இருப்பவனையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. இங்கிலாந்தின் கிளப் பயிற்சிக் கூடங்கள் சில, பிறந்த ஆண்டுக்குப் பதிலாக உடல் வளர்ச்சியின் அளவை வைத்துச் சிறுவர்களைப் பிரித்து ஆடவிட்டுப் பார்க்கின்றன. அப்போது பிந்தி வளர்பவனின் பந்தாளும் நுணுக்கம் வெளியே தெரிகிறது. முந்தி வளர்ந்தவனும் பலத்தை மட்டும் நம்பி ஆட முடியாமல் போகிறது.

வேகத்தை மட்டும் கடிகாரம் ஓரளவு நேர்மையாகச் சொல்லும். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற மலேசிய அணியிலிருந்த எஸ். குணாளன் வேகத்துக்குப் பெயர்பெற்றவர். ஓரத் தாக்குதல் ஆட்டக்காரராகத் தொடங்கிய அவர் பின்னாளில் வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராகவும் ஆடினார். இளையோரைப் பார்ப்பவர்கள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும்: இன்று ஆடும் இடத்துக்குப் பொருந்தாதவர் வேறோர் இடத்துக்குப் பொருந்தக்கூடும்.

கடிகாரத்துக்கு எட்டாதது, முடிவெடுக்கும் திறன். பந்து காலுக்கு வருமுன் ஆட்டக்காரர் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கிறார் என்பதை நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் எண்ணிப் பார்த்தார். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களை வைத்து நடந்த அந்த ஆய்வில், அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பந்துப் பரிமாற்றங்கள் கூடுதலாக வெற்றி பெற்றிருந்தன. ஆகவே நல்ல தேர்வாளர் பந்தின் பின்னே கண்ணை ஓட்டிக்கொண்டிருக்க மாட்டார். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது பையன் என்ன செய்கிறான், தவறு செய்த அடுத்த நிமிடத்தில் பந்தைக் கேட்கிறானா ஒளிகிறானா, மாற்று ஆட்டக்காரராக வெளியே அழைக்கப்படும்போது எப்படி நடந்துவருகிறான் என்பவற்றைக் குறித்துக்கொள்வார். திடலோரம் நின்று பார்க்கும் பெற்றோருக்குப் பெரும்பாலும் கண்ணில் படாத காட்சிகள் இவை.

இதே சிக்கலைப் பணத்தோடும் ஆரவாரத்தோடும் எதிர்கொள்ளும் நாடு அமெரிக்கா. அங்கே ஆடப்படும் அமெரிக்கக் காற்பந்தில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். கல்லூரி அணிகளில் ஆடி வளரும் இவர்களை 32 தொழில்முறை அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை, ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அதற்கு முன் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு வாரம் உயரம், எடை, விரித்த கையின் அகலம், 40 கெஜ ஓட்டம் எல்லாம் அளக்கப்படும். அணி நிர்வாகிகள் நேர்காணல் செய்வார்கள். ஆட்டப் பதிவுகளை வரிவரியாகப் பார்ப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 2000ஆம் ஆண்டு டாம் பிரேடி 199ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். பிரேடி பின்னர் அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை 7 முறை வென்றார். 2007இல் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரசல், கையின் எறிபலத்துக்குப் புகழ்பெற்றவர். மூன்று பருவங்களோடு அவருடைய தொழில்முறை ஆட்டம் முடிந்தது. எறிபலம் அளவுக்குள் வந்தது. நெருக்கும் எதிராளிகள் நடுவே இரண்டு, மூன்று நொடியில் சரியான ஆளைக் கண்டுபிடிக்கும் நிதானம் அளவுக்குள் வரவில்லை.

காற்பந்தில் அதற்கு நிகரான சோதனை கோல்காவலருடையது. 89 நிமிடம் குறையில்லாமல் ஆடிய கோல்காவலர் ஒரு நொடித் தவறால் ஆட்டத்தைத் தோற்பார். கிள்ளான் துறைமுகத்தில் 1953இல் பிறந்த ஆர். ஆறுமுகம் சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்தவர். நீண்ட கைகளுக்காக ரசிகர்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்றார்கள். 1980இல் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் தூண் அவர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்தத் தலைமுறைக்கு அங்கே ஆடக் கொடுத்துவைக்கவில்லை. 1988இல் கார் விபத்தில் மறைந்தபோது ஆறுமுகத்துக்கு வயது 35. கைநீளத்தை நாடாவால் அளந்துவிடலாம். எப்போது கோல் கம்பத்தை விட்டு வெளியே ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற அறிவைப் பல ஆட்டங்கள் பார்த்தால்தான் கண்டுகொள்ள முடியும். கோல்காவலர்கள் பொதுவாகப் பிந்தி முதிர்பவர்கள். இளம் வயதில் அவர்களைக் கழித்துவிடுவது தேர்வாளர் செய்யக்கூடிய பெரிய தவறுகளில் ஒன்று.

பல ஆட்டங்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பதன் பலனுக்கு நல்ல எடுத்துக்காட்டு பயிற்றுநர் கே. ராஜகோபால். 2009இல் லாவோசில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அவர் பயிற்றுவித்த 23 வயதுக்குட்பட்ட மலேசிய அணி தங்கம் வென்றது. அந்த இளைஞர்களையே அடித்தளமாக வைத்து அடுத்த ஆண்டு தென்கிழக்காசியக் கிண்ண அணியை அமைத்தார். தொடக்க ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றபோதும் அணியின் அடித்தளத்தை அவர் கலைத்துவிடவில்லை. அதே இந்தோனேசியாவை, இரண்டு ஆட்டங்களாக நடந்த இறுதியின் முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலில் 3-0 என வென்றார்கள். ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 21 வயது கைருல் ஃபாமி ஒரு பெனால்டியைத் தடுத்தார். அதில் 1-2 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது.

மலேசியக் காற்பந்தில் அமெரிக்காவைப் போல் ஆண்டுத் தேர்வுச் சடங்கு கிடையாது. பள்ளி அணி, மாவட்டம், மாநிலம், தேசியப் பள்ளிப் போட்டி என்று ஒரு பாதை. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, பகாங் மாநிலத்தின் காம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி பயிற்சிக்கழகம் ஆகியவை இன்னொரு பாதை. கிளப்புகளின் இளையோர் அணிகள், சுக்மா எனும் மலேசிய விளையாட்டுப் போட்டிக்கான மாநில அணிகள், இளையோருக்கான பிரசிடென் கிண்ணம் என்பவை மேற்படிகள். சிக்கல் முதல் படியில் இருக்கிறது. முழு அளவுத் திடல் இல்லாத சிறிய தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பையன், பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தையே தேர்வு நாளில்தான் முதன்முதலாக ஆட நேரலாம். அன்று 20 நிமிடம் அவனைப் பார்த்துவிட்டு எழுதும் முடிவு, அவனுடைய திறமையைவிட அவனுக்குக் கிடைக்காத திடலையே அளக்கிறது.

கிள்ளானிலும் ஷா ஆலத்திலும் பிரிக்பீல்ட்சிலும் வார இறுதியில் சிறுவர்களைத் தேர்ந்தெடுக்கும் பயிற்றுநர்களிடம் வேண்டுவது இரண்டே. தேர்வுத் தாளில் பெயருக்குப் பக்கத்திலேயே பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். 'வேண்டாம்' என்று குறிக்கும் முன், வலுவான எதிரணிக்கு எதிராக அந்தப் பையனை இன்னும் இரண்டு ஆட்டங்களாவது ஆடவிட்டுப் பாருங்கள்.